பரோலும் முன்விடுதலையும்: பாலக்காடு எல்லையோரக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பல பேருக்கு வீடு கேரளத்தில், தென்னந்தோப்பு தமிழ்நாட்டில். பெண் கொடுத்தது பொள்ளாச்சியில், ஓட்டுப் போடுவது சித்தூரில். வழக்கு, தண்டனை என்று வரும்போதுதான் நடுவில் ஒரு எல்லை இருப்பதே உறைக்கும். சம்பவம் எந்தப் பக்கம் நடந்ததோ அந்தப் பக்கத்துப் போலீஸ், அந்தப் பக்கத்துக் கோர்ட். அதனால்தான் ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை திருச்சூரில் உள்ள விய்யூர் மத்தியச் சிறையிலும் அடுத்த வீட்டுப் பிள்ளை கோவை மத்தியச் சிறையிலும் இருக்க நேர்கிறது. இருவருக்கும் தண்டனை ஒன்றாகவே இருக்கலாம். லீவு விதி வேறு, முன்விடுதலையை முடிவு செய்யும் அரசு வேறு. 'பக்கத்து வீட்டுக்காரருக்கு பரோல் கிடைத்தது, நமக்கு ஏன் இல்லை' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

தண்டனை உறுதியாகி உள்ளே இருப்பவர்களின் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். விசாரணைக் கைதி என்றால் அவருக்கு வேண்டியது ஜாமீன். அது வேறு பாதை.

முதல் படி: தீர்ப்பு நகல்

வக்கீலைப் பார்க்கும் முன், சிறைக்கு மனு பார்க்க, அதாவது கைதியை நேரில் சந்திக்கப் போகும் முன், தீர்ப்பு நகலை வாங்கி வையுங்கள். வீட்டில் இல்லையென்றால் தண்டனை கொடுத்த நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், சிறையில் அவரிடமே இருக்கவும் கூடும். மேல்முறையீடு நடந்திருந்தால் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டும். பல வீடுகளில் கீழ்க்கோர்ட் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். மேலே தண்டனை குறைந்திருக்கலாம், மாறியிருக்கலாம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது, தண்டித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது. பாலக்காடு செஷன்ஸ் நீதிமன்றமா, கோயம்புத்தூரா? இதற்குப் பின் வரும் எல்லாம் இந்த ஒரு வரியில் தொங்குகிறது. அடுத்து, தண்டனைக்கான பிரிவு. அப்புறம் தண்டனையின் வாசகம். வெறும் 'ஆயுள் தண்டனை' என்றிருந்தால் ஒரு விதம். '20 ஆண்டு, கழிவு கிடையாது', 'வாழ்நாள் முழுவதும்' என்று நீதிமன்றம் தனியாகச் சொல்லியிருந்தால் கணக்கே மாறிவிடும். கழிவு என்பது நன்னடத்தை போன்றவற்றுக்காகத் தண்டனைக் காலத்தில் கிடைக்கும் குறைப்பு. பல பிரிவுகளில் தண்டனை இருந்தால் 'ஏக காலத்தில்' அனுபவிக்க வேண்டுமா, 'ஒன்றன்பின் ஒன்றாக'வா என்று பாருங்கள். அபராதம் எவ்வளவு, கட்டாவிட்டால் எத்தனை மாதம் கூடுதல் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வழக்கை விசாரித்தது மாநிலப் போலீஸா, சிபிஐ அல்லது என்ஐஏ போன்ற மத்திய அமைப்பா என்று பாருங்கள். மத்திய அமைப்பு என்றால் முன்விடுதலைக்கு மத்திய அரசின் சம்மதமும் தேவைப்படும். சட்டம் 'கலந்தாலோசனை' என்று சொல்லியிருந்ததை 'சம்மதம்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2015 டிசம்பரில் ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகள் தொடர்பான தீர்ப்பில் சொன்னது.

இரண்டாம் படி: எதைக் கேட்கிறோம் என்று தெளிவாவது

ஊரில் எல்லாவற்றையும் 'பரோல்' என்கிறோம். கோப்பில் அது இரண்டாகப் பிரியும். ஒன்று, சில நாள் வெளியே வந்து திரும்பிப் போகும் விடுப்பு. தமிழ்நாட்டுச் சிறையில் இதை லீவு என்பார்கள், அவசர லீவு, சாதாரண லீவு என்று இரண்டு வகை. இன்னொன்று, தண்டனையின் மிச்சத்தைத் தள்ளுபடி செய்து வீட்டுக்கு அனுப்பும் முன்விடுதலை. முதலாவதற்குச் சிறை அதிகாரிகள் அளவிலேயே பெரும்பாலும் முடிவு கிடைக்கும். இரண்டாவது அரசு எடுக்கும் முடிவு.

'ஆயுள் என்றால் 14 வருஷம்' என்பது நம்மூரில் மாற்றவே முடியாத நம்பிக்கை. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான் என்று 1961-லேயே கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 ஆண்டு என்பது சில வழக்குகளில் விடுதலையைப் பரிசீலிக்கவே தேவையான குறைந்தபட்சக் காலம். அது முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. இதைக் குடும்பத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தேதியை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு அந்த நாளில் ஒன்றும் நடக்காமல் போனால் உள்ளே இருப்பவர்தான் முதலில் உடைந்து போவார்.

மூன்றாம் படி: லீவுக்குத் தகுதி

கோவைச் சிறையில் இருந்தால் பொருந்துவது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். சாதாரண லீவு கேட்க, சிறைக்கு வந்த நாளிலிருந்து 3 ஆண்டு முடித்திருக்க வேண்டும். காரணங்களையும் விதியே சொல்கிறது: விடுதலைக்குப் பின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளி கல்லூரியில் சேர்ப்பது, வீடு கட்டுவது அல்லது பழுது பார்ப்பது, திருமணம், பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறு, விதைப்பு அறுவடை போன்ற விவசாய வேலை, கடும் நோய், இவை தவிர அசாதாரணக் காரணங்கள். விதை போடவும் லீவு கேட்கலாம் என்பது பல விவசாயக் குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 'குடும்பத்தைப் பார்க்க' என்று பொதுவாக எழுதி மனுவை வீணாக்குகிறார்கள். விதியில் உள்ள காரணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அவசர லீவு ஆண்டுக்கு 15 நாள், அதையும் தவணையாகத்தான் எடுக்க முடியும். அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, மகன், மகள், உடன்பிறந்த சகோதர சகோதரிகள் ஆகியோரின் மரணம் அல்லது கடும் நோய், அப்புறம் தன்னுடைய, பிள்ளைகளுடைய, உடன்பிறந்தவர்களுடைய திருமணம். இவ்வளவுதான் பட்டியல். வளர்த்த பாட்டி இதில் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நின்ற தாய்மாமன் இல்லை. சித்தப்பா மகனை உடன்பிறந்தவனாகவே பார்க்கும் ஊர் நம்முடையது, விதி அப்படிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில் உறவைத் திரித்து எழுத வேண்டாம். ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தால் பிடிபடும், அப்புறம் உண்மையான காரணத்துக்குக் கேட்டாலும் நம்ப மாட்டார்கள். அரசுக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் உண்டு, உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

விய்யூரிலோ கேரளத்தின் வேறு சிறையிலோ இருந்தால் 2010-ஆம் ஆண்டின் கேரளச் சிறைச் சட்டமும் 2014-ஆம் ஆண்டின் விதிகளும். தகுதி பெற்ற கைதிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சாதாரண விடுப்பு உண்டு, அதைத் தவணைகளாகப் பிரித்து எடுக்கலாம். எத்தனை காலம் உள்ளே இருந்த பின் தகுதி வரும் என்பது தண்டனையின் நீளத்தைப் பொறுத்தது. அந்தத் தேதியைச் சிறையின் வெல்ஃபேர் ஆபீசரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவசர விடுப்பு தனிக் கணக்கு.

இரண்டு பக்கமும் விலக்குப் பட்டியல் இருக்கிறது. பாலியல் வன்முறை, கொள்ளை போன்ற வழக்குகள், தப்பியோடிய முன்கதை, வேறு வழக்கு நிலுவை ஆகியவை தடையாக வரும். வாளையார் வழியாகக் கஞ்சா கடத்தி மாட்டியவர்களின் குடும்பங்கள் அதிகம் கேட்பது போதைப்பொருள் வழக்கு பற்றி. அந்தச் சட்டத்தின் 32ஏ பிரிவு தண்டனைக் கழிவைத் தடுக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பரோலைத் தடுக்காது என்று 2000-இல் தாது என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநில விதியே தனியாக விலக்கி வைத்திருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. 'போதைப்பொருள் கேஸ், ஒன்றும் கிடைக்காது' என்று யாராவது வாயால் சொன்னால் எந்த விதி என்று கேளுங்கள்.

மேல்முறையீடு இன்னும் முடியவில்லை என்றால் லீவு மனுவைத் தள்ளிவிட்டு, தண்டனையை நிறுத்தி வைக்கும்படி மேல்முறையீட்டு நீதிமன்றத்தையே கேட்கச் சொல்வார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இல் அது 430-ஆம் பிரிவு.

நான்காம் படி: மனுவும் முகவரியும்

மனு கைதியின் பெயரில் சிறைக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். குடும்பமும் ஒரு மனு கொடுப்பது நல்லது, ரசீதோ ஒப்புகையோ வாங்கிக்கொண்டு. கேரளத்தில் தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர், அரசுக்குத் தமிழில் எழுத உரிமை உண்டு. சித்தூர் தாலூகாவில் இதற்குத் தயங்கவே வேண்டாம். ஆனாலும் நடைமுறைக்காகச் சொல்கிறேன்: கூடவே ஒரு மலையாளப் பிரதி வைத்தால் மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு தூங்காது.

நோய் என்றால் அரசு மருத்துவமனைச் சான்று, நோயின் பெயரும் எப்போது அறுவை சிகிச்சை என்பதும் அதில் இருக்க வேண்டும். திருமணம் என்றால் பத்திரிகை, மண்டப ரசீது. விவசாயம் என்றால் நில ஆவணம்: இந்தப் பக்கம் கரம் (நிலவரி) ரசீது, அந்தப் பக்கம் சிட்டா. வீட்டுப் பழுது என்றால் வீட்டின் படமும் பஞ்சாயத்து வரி ரசீதும். ஜாமீன்தாரர்களின் ஆதார், சொத்துக் காகிதம். இவை எளிது.

கோப்பு நிற்கும் இடம் முகவரி. மனு வந்ததும் சிறை இரண்டு அறிக்கை கேட்கும். ஒன்று போலீஸிடமிருந்து, இன்னொன்று நன்னடத்தை அலுவலரிடமிருந்து. கேரளத்தில் இவர் சமூகநீதித் துறையின் கீழ் இருப்பவர். கைதி எந்த வீட்டில் தங்கப் போகிறாரோ அந்தப் பகுதிக்குத்தான் கடிதம் போகும். விய்யூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனுக்குக் கடிதம் போய் வருவது ஒரே மாநிலத்துக்குள் நடப்பது. அதே கைதி ஆனைமலையில் அக்கா வீட்டில் தங்குவதாக எழுதினால் கடிதம் கேரளச் சிறைத் துறையிலிருந்து கோவை மாவட்டப் போலீஸுக்குப் போய், அங்கிருந்து ஸ்டேஷனுக்கு இறங்கி, அதே வழியில் ஏறி வர வேண்டும். மகள் கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்த பிறகு அறிக்கை வந்து சேர்ந்த கதைகள் எல்லையோரத்தில் சாதாரணம்.

அதனால் முடிந்தவரை சிறை இருக்கும் மாநிலத்திலேயே ஒரு முகவரி கொடுங்கள். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கொலை வழக்குகளில் இறந்தவரின் வீடும் பெரும்பாலும் அதே ஊரில்தான். போலீஸ் அவர்களிடமும் கேட்கும். 'வந்தால் பிரச்சினை ஆகும்' என்று அவர்கள் சொன்னால் அறிக்கை எதிராகத்தான் போகும். அவர்களுடைய பயத்தையும் குறை சொல்ல முடியாது. மகனைப் பறிகொடுத்த அம்மா, அந்த ஆள் டீக்கடையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. இப்படி நிலைமை இருந்தால் அதே மாநிலத்தில், வேறு ஸ்டேஷன் எல்லையில் உள்ள உறவினர் வீட்டை முகவரியாகக் கொடுத்து, 'சொந்த ஊருக்குள் வரமாட்டேன்' என்ற உறுதியை மனுவிலேயே எழுதுங்கள். கஞ்சிக்கோட்டிலோ பாலக்காடு டவுனிலோ ஒரு வீடு கிடைத்தால் அது சொந்த வீட்டைவிட வேகமாக வேலை செய்யும்.

எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. மனு எண்ணும் தேதியும் தெரிந்துகொண்டு, கடிதம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போது யாராவது பொறுப்பானவர் இருக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் 'தங்க வசதி இல்லை' என்று ஒரு வரி போதும், மனு போச்சு. பஞ்சாயத்து மெம்பரையோ வார்டு கவுன்சிலரையோ உடன் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் கட்சிக்காரர்களைக் கூட்டி வந்து கூட்டமாக நிற்காதீர்கள். அது அறிக்கையில் வேறு மாதிரி எழுதப்படும்.

மரணம் என்றால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. தகவல் வந்ததும் சிறைக்கு நேராகப் போன் செய்து, இறப்பை உறுதி செய்யும் காகிதத்தோடு ஒருவரை உடனே அனுப்புங்கள். லீவு கிடைக்க நேரமாகும் என்றால் போலீஸ் காவலோடு சில மணி நேரம் அழைத்து வரும்படி கேளுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதற்கு வழி உண்டு. அடக்கம் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மறுத்தால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 'போலீஸ் ஆட்சேபணை' என்ற இரண்டு வார்த்தை காரணம் ஆகாது, ஆட்சேபணைக்கு அடிப்படை என்ன என்று இருக்க வேண்டும். குற்றம் கொடூரமானது என்பதை மட்டும் வைத்துப் பரோலை மறுப்பதை உச்ச நீதிமன்றம் 2017-இல் அஸ்ஃபாக் வழக்கில் ஏற்கவில்லை. கைதி குடும்பத்தோடும் சமூகத்தோடும் ஒட்டு விடாமல் இருக்கத்தான் விடுப்பு, திரும்பிக் குற்றம் செய்யும் ஆபத்து உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அடுத்து உயர் நீதிமன்றம். கேரளச் சிறை என்றால் எர்ணாகுளம், கோவைச் சிறை என்றால் சென்னை. ரிட் மனு போட வேண்டும். விதியில் இடமில்லாத காரணத்துக்கும் நீதிமன்றங்கள் விடுப்பு கொடுத்திருக்கின்றன. குழந்தைப்பேறு சிகிச்சைக்காக 2018-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் 2023-இல் கேரள உயர் நீதிமன்றமும் ஆயுள் கைதிகளுக்கு விடுப்பு கொடுக்கச் சொல்லியிருக்கின்றன.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்று நிற்க வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கும், வெளியே மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பரோல் வாங்கித் தருகிறேன் என்று மொத்தமாகத் தொகை பேசும் இடைத்தரகர்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ரசீது கிடையாது, லீவும் கிடையாது.

ஆறாம் படி: வெளியே இருக்கும் நாட்கள்

ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் முதல் நாளே போடுங்கள். அனுமதியில் சொல்லாத ஊருக்குப் போகக் கூடாது. எல்லையோரத்தில் இது சொல்வதற்கு எளிது. வேலந்தாவளத்தில் ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு, பழக்கத்தில் கால் தானாகப் போகும். கேரள எல்லைக்குள் என்று நிபந்தனை இருந்தால் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும்கூட அந்தப் பக்கம் போக வேண்டாம். தேவை இருந்தால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள்.

திரும்பும் நாளில் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். பஸ் பழுது, பந்த் எதுவும் நடக்கலாம். நேரம் தவறினால் வழக்கு வரலாம், சம்பாதித்த கழிவு போகலாம், அடுத்த லீவு கெடும், எல்லாவற்றுக்கும் மேல் முன்விடுதலைக் கோப்பில் அது நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். உடம்பு சரியில்லை என்றால் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, அன்றே சிறைக்கும் ஸ்டேஷனுக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஏழாம் படி: முன்விடுதலைக் கணக்கு

மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், உதாரணமாகக் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர், உண்மையாக 14 ஆண்டு சிறையில் கழித்திருக்க வேண்டும். 1978 டிசம்பர் 18 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த 433ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 475-ஆம் பிரிவாக இருக்கிறது. இந்த 14-இல் நன்னடத்தைக் கழிவு சேராது. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாள் சேரும். ஜாமீனில் வெளியே இருந்த நாள் சேராது. பரோலில் இருந்த நாளையும் கழிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் கோவா மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2008 ஜூன் 10-இல் கைது, டிசம்பர் 10-இல் ஜாமீன். 2012 மார்ச் 10-இல் ஆயுள் தண்டனை, அன்றிலிருந்து உள்ளே. இதுவரை 300 நாள் லீவு எடுத்திருக்கிறார். மார்ச் 2012-இலிருந்து 14 ஆண்டு என்றால் 2026 மார்ச் 10. முன்பு இருந்த 6 மாதத்தைக் கழித்தால் 2025 செப்டம்பர் 10. லீவு நாள் 300-ஐக் கூட்டினால் 2026 ஜூலை முதல் வாரம். குடும்பம் செப்டம்பரில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும், சிறைக் கணக்கு ஜூலை என்று சொல்லும். இருவரும் பொய் சொல்லவில்லை. இந்தக் கணக்குத் தாளைச் சிறையிடம் கேட்டு வாங்கி, உங்கள் காகிதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விசாரணைக் காலத்தில் வேறு கிளைச் சிறையில் இருந்த நாட்கள் விட்டுப்போவது உண்டு.

'20 ஆண்டு கழிவின்றி' என்று நீதிமன்றமே நிர்ணயித்திருந்தால் அதுவரை மனு போட்டுப் பயனில்லை. அந்தக் காலம் முழுக்க முடிந்துவிட்டால் மறுபடி கழிவு கேட்டு விண்ணப்பிக்கத் தேவையே இல்லை, விட்டுவிட வேண்டும் என்று 2025-இல் சுக்தேவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எட்டாம் படி: எந்த அரசிடம் கேட்பது

எல்லையோரத்தில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. வீடு எந்த மாநிலம் என்பது கணக்கில்லை. இப்போது எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதும் கணக்கில்லை. தண்டித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அரசுதான் முடிவு செய்யும். பில்கிஸ் பானு வழக்கில் குற்றம் நடந்தது குஜராத்தில், விசாரித்துத் தண்டித்தது மும்பை நீதிமன்றம். குஜராத் அரசு 11 பேரை விடுவித்தது. 2024 ஜனவரி 8-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, அதிகாரம் மகாராஷ்டிரத்துக்கே என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது.

நம்மூருக்கு இதன் அர்த்தம்: பாலக்காட்டில் தண்டனை பெற்ற ஒருவரை, வயதான அம்மா அப்பா பார்க்க வசதியாகக் கோவைச் சிறைக்கு மாற்றினாலும், விடுதலையைக் கேரள அரசிடம்தான் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு அண்ணா பிறந்தநாளுக்கு விடுதலை அறிவித்தால் அவருக்கு அது பொருந்தாது. 2021 நவம்பர் 15 தேதியிட்ட 488-ஆம் எண் அரசாணைப்படி பலர் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து அறையில் இருந்தவருக்கு மட்டும் இல்லை என்றால் காரணம் இதுவாக இருந்திருக்கலாம்.

மாற்றல் கேட்பது தவறில்லை. 1950-ஆம் ஆண்டின் கைதிகள் மாற்றல் சட்டப்படி இரண்டு மாநில அரசும் சம்மதித்தால் நடக்கும். மனு பார்க்க பஸ் மாறி மாறி திருச்சூர் போகும் வயதான அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மாறிய பிறகு லீவுக்கும் தண்டித்த மாநிலத்தின் கருத்தைக் கேட்க நேரலாம், கோப்பு இரண்டு தலைநகரங்களுக்கிடையே நடக்கும். அடிக்கடி பார்ப்பது முக்கியமா, விடுப்பும் விடுதலையும் வேகமாக நகர்வது முக்கியமா என்று உள்ளே இருப்பவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: மனுவில் என்ன எழுதுவது

முன்பெல்லாம் மனு போட்டால்தான் கோப்பு திறக்கும். 2025 பிப்ரவரி 18-இல் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. மாநிலத்தில் முன்விடுதலைக் கொள்கை இருந்தால், தகுதி வந்த கைதியை அவர் கேட்காமலேயே பரிசீலிக்க வேண்டும். கொள்கை இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதத்தில் உருவாக்க வேண்டும். முடிவு எதுவானாலும் சுருக்கமான காரணத்தோடு கைதிக்குத் தெரிவிக்க வேண்டும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்கும் நகல் போக வேண்டும். என்னைக் கேட்டால், தண்டனைச் சீர்திருத்தத்தில் சமீப காலத்தில் நடந்த உருப்படியான விஷயம் இதுதான். எழுதத் தெரியாதவரும் ஆள்பலம் இல்லாதவரும் வரிசைக்குள் வர இதுவே வழி. ஆனாலும் தேதி வந்ததும் ஒரு நினைவூட்டல் மனு கொடுங்கள்.

கைதியின் விடுதலை சமூகத்தைப் பாதிக்குமா, மறுபடி குற்றம் செய்ய வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் வலு போய்விட்டதா, இன்னும் உள்ளே வைத்திருப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன என்ற ஐந்தையும் பார்க்க வேண்டும் என்று லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவை இந்த ஐந்துக்குப் பதிலாக எழுதுங்கள். உள்ளே படித்தது, கற்ற தொழில், நேரம் தவறாமல் திரும்பிய லீவுகள், வயது, நோய், வெளியே வந்தால் யார் வீட்டில் தங்கி என்ன வேலை செய்வார் என்பது. 'அவன் நிரபராதி' என்று இரண்டு பக்கம் எழுதுவதில் பயனில்லை, அந்த விவாதம் மேல்முறையீட்டோடு முடிந்துவிட்டது.

தண்டித்த நீதிமன்றத்தின் தற்போதைய நீதிபதியிடமும் கருத்துக் கேட்பார்கள். காரணம் சொல்லாத கருத்து போதாது என்று 2022-இல் ராம் சந்தர் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. தண்டனை கிடைத்தபோது இருந்த கொள்கைதான் பொருந்தும், பின்னால் வந்தது கைதிக்கு இன்னும் சாதகமாக இருந்தால் அதைக் கேட்கலாம் என்பது 2010-ஆம் ஆண்டு ஜகதீஷ் வழக்கின் முடிவு. ஆகவே தண்டனைத் தேதியில் என்ன கொள்கை இருந்தது என்று வக்கீலிடம் தேடச் சொல்லுங்கள்.

கேரளத்தில் சிறை ஆலோசனைக் குழு பரிந்துரைத்து அரசுக்கு அனுப்பும். இதில் வரிசை எப்போதும் ஒழுங்காக நகர்கிறது என்று சொல்ல முடியாது. மாமனார் பாஸ்கர காரணவரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஷெரின் 2025-இல் விடுதலையானபோது, அவரைவிட நீண்ட காலம் உள்ளே இருப்பவர்களின் கோப்பு ஏன் நகரவில்லை என்ற கேள்வி கேரளம் முழுக்க எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. தகுதித் தேதிப்படி வரிசைப் பட்டியலைச் சிறை வாசலில் ஒட்டினாலே பாதிச் சந்தேகம் போய்விடும். அதோடு, போலீஸ் அறிக்கைக்கு நாள் கெடு வைக்க வேண்டும், கெடு தாண்டினால் அறிக்கை இல்லாமலே முடிவெடுக்க வேண்டும். அவசர லீவுப் பட்டியலில் வளர்த்தவர்களையும் சேர்க்க வேண்டும். எல்லை மாவட்டங்களின் நன்னடத்தை அலுவலர்கள் ஒருவருக்கொருவர் நேராக எழுதிக்கொள்ள வழி செய்ய வேண்டும். இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, இரண்டு மாநிலமும் விதியைத் திருத்தினால் போதும்.

இதற்கெல்லாம் மேலே அரசியல் சாசனத்தின் 161-ஆம் பிரிவு, ஆளுநரின் அதிகாரம் இருக்கிறது. 14 ஆண்டுக் கட்டுப்பாடு அதைத் தடுக்காது என்பது 1980-ஆம் ஆண்டு மாரு ராம் தீர்ப்பிலிருந்தே தெளிவு. அதை ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பேரறிவாளன் வழக்கில் 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பத்தாம் படி: உத்தரவு வந்த பிறகு

அபராதம் கட்டியாகிவிட்டதா என்று முன்பே பாருங்கள். விடுதலை உத்தரவு வந்தும் அபராதப் பணம் இல்லாமல், அதற்கான கூடுதல் மாதங்களை உள்ளேயே கழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏழைக் கைதிகளுக்காக 2023-இல் மத்திய அரசு கொண்டு வந்த திட்டத்தில் 25,000 ரூபாய் வரை அபராதத்தை அரசே கட்ட வழி இருக்கிறது. மாவட்ட அளவிலான குழு முடிவு செய்யும், சட்டப் பணிகள் ஆணையத்திலோ சிறையிலோ கேட்கலாம்.

உத்தரவின் நகலை வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள். எந்த ஸ்டேஷனில் கையெழுத்து, எத்தனை காலத்துக்கு, ஊர் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கும். தங்கப் போகும் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் கையெழுத்தை அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு மாற்றித் தரும்படி விடுதலைக்கு முன்பே கேளுங்கள். நிபந்தனையை மீறியதாகச் சொல்லி விடுதலையை ரத்து செய்வதானாலும் முதலில் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும், சின்ன மீறலுக்கெல்லாம் ரத்து செய்யக் கூடாது. அதே 2025 பிப்ரவரித் தீர்ப்பில் இதுவும் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் பதில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.